தாடைக்குக் கீழே ஒரு ‘டக்’!

உங்கள் வீட்டு ஹெல்மெட்டைக் கொஞ்சம் எடுத்து வாருங்கள். ஜன்னல் கம்பியில் தொங்கும், ஃப்ரிட்ஜ் மேல் உட்கார்ந்திருக்கும், இல்லாவிட்டால் வண்டிக் கண்ணாடியில் மாட்டியபடி வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும். எடுத்துவிட்டீர்களா? மேலே இருக்கும் பளபளப்பையும் ஸ்டிக்கரையும் விடுங்கள். கவிழ்த்துப் பிடித்து, தாடைக்குக் கீழே மாட்டும் பட்டையை மட்டும் பாருங்கள். இந்த வாரம் பேச்சு அதைப் பற்றித்தான்.

எங்கள் திருவாதவூரிலிருந்து மேலூருக்கோ ஒத்தக்கடைக்கோ போகிற சாலையில் காலை எட்டரை மணிக்குப் பத்து நிமிடம் நின்றால் போதும். ஹெல்மெட்டை வளையல்போல முழங்கையில் மாட்டிக்கொண்டு போகிறவர் ஒருவர். பெட்ரோல் டேங்கின் மேல் குழந்தையைப்போல உட்காரவைத்துக் கொண்டு போகிறவர் ஒருவர். தலையில்தான் போட்டிருக்கிறார் என்று சந்தோஷப்பட்டால், பட்டை இரண்டு பக்கமும் ஆட்டுக்குட்டியின் காதுபோல ஆடிக்கொண்டு போகும். போலீஸ்காரர் தூரத்திலிருந்து பார்த்தால் ஹெல்மெட் போட்ட ஆள். கீழே விழுந்தால் ஹெல்மெட் ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம்.

பாண்டிய மன்னனுக்குக் குதிரை வாங்கப் புறப்பட்ட மாணிக்கவாசகர் பிறந்த ஊர் எங்களுடையது. அந்தக் காலத்தில் சேணத்து வாரை இறுக்காமல் குதிரைமேல் யாரும் ஏறியிருக்க மாட்டார்கள். இப்போது வீட்டுக்கு ஓர் இரும்புக் குதிரை நிற்கிறது. வாரை இறுக்கத்தான் நேரமில்லை.

சட்டம் இதில் தெளிவாகவே பேசுகிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 129-ஆம் பிரிவு, தலைக்கவசம் என்றால் என்ன என்று விளக்கும்போது இரண்டு விஷயங்களைச் சொல்கிறது. ஒன்று, விபத்தில் தலையைக் காக்கும்படியான வடிவமும் பொருளும் அதற்கு இருக்க வேண்டும். இரண்டாவது, அது பட்டையாலோ வேறு இணைப்பாலோ தலையோடு உறுதியாகக் கட்டப்பட்டிருக்க வேண்டும். ஆகவே, மாட்டாத பட்டையோடு தலையில் கவிழ்த்திருக்கும் பொருள் சட்டப்படி ஹெல்மெட்டே இல்லை. ஒரு சட்டி, அவ்வளவுதான். 2019 திருத்தத்தில் வந்த 194டி பிரிவில் ஆயிரம் ரூபாய் அபராதமும் மூன்று மாதம் லைசென்ஸ் முடக்கமும் இருக்கின்றன. நான்கு வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் ஹெல்மெட் கட்டாயம் என்பதும் அதே திருத்தத்தில் வந்ததுதான்.

சரி, பட்டையை எப்படி மாட்டுவது? இங்கேதான் இரண்டு கட்சி இருக்கிறது.

போன மாதம் மேலூரில் ஒரு ஹெல்மெட் கடையில் நின்றேன். கடைக்காரத் தம்பியிடம், “பழைய மாதிரி ரெண்டு வளையம் வச்சது இருக்கா தம்பி?” என்று கேட்டேன்.

“இருக்குக்கா. ஆனா அத இப்ப யாருக்கா கேக்குறா? எல்லாருக்கும் டக்குனு மாட்டுறதுதான் வேணும். லடாக்குக்கு பைக்குல போறேன்னு சொல்ற பயலுகதான் வளையம் கேப்பாய்ங்க.”

“நீங்க எது போட்டிருக்கீங்க?”

தம்பி சிரித்தார். அவருடைய ஹெல்மெட் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தது. கிளிப் உடைந்து, பட்டை இரண்டையும் முடிச்சுப் போட்டு வைத்திருந்தார்.

அந்த வளையம் வைத்த மாடலைத்தான் ‘டபுள் டி-ரிங்’ என்பார்கள். பட்டையின் ஒரு பக்கத்தில் ஆங்கில ‘டி’ எழுத்துபோல இரண்டு உலோக வளையங்கள் சேர்ந்தே இருக்கும். மறுபக்கத்துப் பட்டையின் நுனியை இரண்டு வளையத்துக்குள்ளும் விட்டு, பிறகு மடித்து, இரண்டுக்கும் நடுவில் திரும்ப இழுக்க வேண்டும். இழுத்தால் வளையங்கள் பட்டையை நசுக்கிப் பிடித்துக்கொள்ளும். ஹெல்மெட் கழலப் பார்த்தால் பிடி இன்னும் இறுகும். இதில் உடைவதற்குப் பிளாஸ்டிக் இல்லை, துருப்பிடித்துச் சிக்குவதற்கு ஸ்பிரிங் இல்லை. கார், பைக் பந்தயங்களில் இதைத்தான் பெரும்பாலும் கேட்கிறார்கள். கழற்றும்போது வளையத்தில் தைத்திருக்கும் சின்னச் சிவப்புத் துணியை இழுத்தால் பட்டை தளர்ந்துவிடும்.

ஒரு விஷயத்தைச் சொல்லாமல் தாண்ட முடியவில்லை. இந்த மாடலில் பட்டையின் நுனியில் ஒரு பிரஸ் பட்டன் இருக்கும். சட்டைக்கு வைப்பதுபோன்ற பட்டன். மிச்சமிருக்கும் நுனி காற்றில் படபடக்காமல் இருப்பதற்காக மட்டுமே அது. வளையத்துக்குள் பட்டையை விடாமல், பட்டனை மட்டும் ‘டிக்’ என்று அழுத்திவிட்டு மாட்டியாச்சு என்று கிளம்புகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். குழந்தை இழுத்தால்கூட அந்தப் பட்டன் பிரிந்துவிடும்.

எதிர்க்கட்சி, கிளிப். ஸ்கூல் பையில் இருப்பதுபோல ஒரு நாக்கு, ஒரு கூடு. உள்ளே தள்ளினால் ‘டக்’. அழுத்தினால் கழன்றுவிடும். கடைகளில் இன்று அதிகம் தொங்குவது இதுதான். இதற்கே ஒரு தம்பி உண்டு, பற்கள் வைத்த கிளிப். நாக்கில் வரிசையாகப் பல் இருக்கும். தள்ளத் தள்ள ‘கிரிக் கிரிக்’ என்று ஒவ்வொரு பல்லாக ஏறும். வேண்டிய இறுக்கத்தில் நிறுத்திக்கொள்ளலாம். விலை கொஞ்சம் கூடுதல் உள்ள ஹெல்மெட்டுகளில் இது வருகிறது. ‘மைக்ரோமெட்ரிக்’ என்று அட்டையில் போட்டிருப்பார்கள். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

கோத்து இழுப்பதா, டக்கென்று மாட்டுவதா என்ற இந்தச் சண்டை ஹெல்மெட்டோடு நிற்கவில்லை. பனிமலையில் ஒற்றைப் பலகைமேல் நின்று சறுக்குகிறார்களே, ‘ஸ்னோபோர்டு’, அவர்களிடமும் இதே பஞ்சாயத்துதான். பூட்ஸைப் பலகையோடு பல் வைத்த பட்டைகளால் கட்டுவது பழைய வழக்கம். ஒவ்வொரு முறை மேலே போக லிஃப்டில் ஏறும்போதும் பின்காலைக் கழற்ற வேண்டும், மேலே போனதும் பனியில் உட்கார்ந்து திரும்பக் கட்ட வேண்டும். 1990-களிலேயே காலை வைத்தால் பூட்டிக்கொள்ளும் வகை வந்தது. ஆனால் பூட்டுக்குள் பனி அடைத்துக்கொண்டது, பூட்ஸும் விறைப்பாக இருந்தது, கொஞ்ச வருடத்தில் மவுசு போய்விட்டது. 2017-ல் பர்ட்டன் என்ற அமெரிக்கக் கம்பெனி ‘ஸ்டெப் ஆன்’ என்று புதிதாக ஒன்றை இறக்கியது. பிறகு மற்றவர்களும் வரிசையாக வந்தார்கள். பட்டைக்காரர்கள் “எங்கள் பிடி இதில் வராது” என்கிறார்கள். டக் கட்சிக்காரர்கள் “பனியில் உட்கார்ந்து எழுந்து எங்கள் முதுகு போகிறது” என்கிறார்கள்.

இரண்டாவது குரலை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. ஒரு நாளில் எத்தனை முறை ஏறி இறங்குகிறோம் என்பதைப் பொறுத்தது அது. லடாக் போகிற பையன் காலையில் ஒரு முறை மாட்டினால் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் கழற்றுவான். நம் வீட்டுப் பெண் ஸ்கூட்டியில் கிளம்பினால் ஸ்கூல் வாசலில் ஒரு முறை, ரேஷன் கடையில் ஒரு முறை, மாவு மில்லில் ஒரு முறை, பால் சொசைட்டியில் ஒரு முறை இறங்குவாள். ஒவ்வொரு தடவையும், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், தாடைக்குக் கீழே, இரண்டு வளையத்துக்குள் ஊசியில் நூல் கோக்கிற மாதிரி கோக்கச் சொன்னால் இரண்டாவது நிறுத்தத்திலேயே விட்டுவிடுவாள். மூட்டுவலிக்காரப் பெரியவரின் விரல் அந்த வளையத்தைத் தேடி அலைவதைப் பார்த்தால் பாவமாக இருக்கும். பின்னால் உட்காரும் அம்மாவின் ஒரு கையில் குழந்தை இருக்கிறது. இவர்களுக்கெல்லாம் கிளிப்தான் சரி. மாட்டாத வளையத்தைவிட மாட்டிய கிளிப் எவ்வளவோ மேல்.

ஆனாலும் கிளிப்பில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. நம் வீடுகளில் அது பெரிய சிக்கல்.

வளையத்தில் ஒவ்வொரு முறையும் புதிதாக இழுத்து இறுக்குகிறோம். யார் தலையில் போட்டாலும் அந்தத் தாடைக்கு ஏற்ற நீளம் வந்துவிடும். சாதாரண கிளிப்பில் நீளத்தை ஒரு முறை சரி செய்து வைத்துவிட்டால் அப்படியே இருக்கும் என்று நினைக்கிறோம். இருப்பதில்லை. பட்டையில் இருக்கும் சின்ன பக்கிள், தினமும் இழுக்க இழுக்க மில்லிமீட்டர் மில்லிமீட்டராக நழுவும். ஆறு மாதத்தில் தாடைக்கும் பட்டைக்கும் நடுவே முழுக் கை போகும். ஆனால் ‘டக்’ சத்தம் மட்டும் முதல் நாள் கேட்டமாதிரியே கேட்கும். அந்தச் சத்தம் நம்மை ஏமாற்றுகிறது.

இதோடு இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். மேலைநாட்டில் ஒரு தலைக்கு ஒரு ஹெல்மெட். நம் ஊரில் ஒரு வண்டிக்கு ஒரு ஹெல்மெட், மிஞ்சிப்போனால் இரண்டு. காலையில் அதை அப்பா போட்டுக்கொண்டு வேலைக்குப் போவார். சாயங்காலம் மகன் டியூஷனுக்குப் போவான். ஞாயிற்றுக்கிழமை பின்சீட்டில் அம்மா. கிளிப்பின் நீளம் யாருக்காக வைத்தது? அப்பாவின் தாடைக்கு, அதுவும் மீசையும் தொங்குசதையும் சேர்த்து. அதே நீளத்தில் அம்மா ‘டக்’ என்று மாட்டினால் பட்டை கழுத்துக்கு மாலைபோல விழுந்திருக்கும். மாட்டியிருக்கிறோம் என்ற நிம்மதி வேறு. “ஏங்க, லூசா இருக்குங்க” என்று அம்மா சொன்னால், “பின்னாடிதான உக்காரப் போற, சும்மா போடு” என்று பதில் வரும்.

பின்னால் உட்கார்ந்தால் தலைக்கு என்ன சலுகை? மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-ல் ஹெல்மெட் அணியாமல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 50,029 பேர். அதில் 14,337 பேர் வண்டி ஓட்டாமல், கூட உட்கார்ந்து போனவர்கள். அதில் எத்தனை பேர் யாரோ ஒருவரின் மனைவி, அம்மா என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஹெல்மெட் போட்டால் என்ன லாபம் என்று கேட்கிறவர்களுக்கு உலகம் முழுவதும் நடந்த 61 ஆய்வுகளைத் தொகுத்து 2008-ல் ‘காக்ரேன்’ அமைப்பு சொன்ன பதில் இருக்கிறது. இறக்கும் ஆபத்து 42 சதவீதமும், தலையில் காயம்படும் ஆபத்து 69 சதவீதமும் குறைகிறது. இந்தச் சிந்தனைக்கு ஒரு பழைய கதையும் உண்டு. ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’ என்று நாம் சினிமாவில் பார்த்த டி.இ.லாரன்ஸ், 1935-ல் மோட்டார் சைக்கிளில் போகும்போது சாலையில் வந்த சிறுவர்கள்மேல் மோதாமல் இருக்க வண்டியைத் திருப்பி, தூக்கியெறியப்பட்டு, தலையில் அடிபட்டுச் சில நாளில் இறந்தார். அவரைப் பார்த்த மருத்துவர்களில் ஒருவர் ஹியூ கெய்ர்ன்ஸ் என்ற நரம்பியல் அறுவை நிபுணர். அந்தச் சாவு அவரை விடவில்லை. போர்க்காலத்தில் ராணுவத் தபால்காரர்கள் மோட்டார் சைக்கிளில் விழுந்து இறப்பதை ஆராய்ந்து 1941-ல் கட்டுரை எழுதினார். அதன் பிறகுதான் பிரிட்டன் ராணுவத்தில் பைக் ஓட்டிகளுக்கு ஹெல்மெட் கட்டாயம் ஆனது.

விழும்போது தலை ஒரே ஒரு இடத்தில்தான் மோதும் என்று நினைக்கக் கூடாது. முதலில் காரிலோ வண்டியிலோ ஓர் இடி, பிறகு தார்ச்சாலையில் ஓர் இடி, அப்புறம் சாலையோரக் கல்லில் ஓர் இடி. பட்டை தளர்வாக இருந்தால் முதல் இடியிலேயே ஹெல்மெட் முன்பக்கமாக உருண்டு கழன்றுவிடும். இரண்டாவது இடி வெறும் தலையில்.

உங்கள் ஹெல்மெட் கழலுமா என்று பார்க்க விழ வேண்டியதில்லை, வீட்டுக் கூடத்திலேயே பார்க்கலாம். ஹெல்மெட்டைப் போட்டு, தினமும் எப்படி மாட்டுவீர்களோ அப்படியே பட்டையை மாட்டுங்கள். தலையைக் குனியுங்கள். வீட்டில் இன்னொருவரைக் கூப்பிட்டு, பின்னங்கழுத்துப் பக்கம் ஹெல்மெட்டின் விளிம்பைப் பிடித்து மேல்நோக்கி, முன்பக்கமாகத் தூக்கச் சொல்லுங்கள். மெதுவாகத்தான், கோபதாபம் எல்லாம் தீர்த்துக்கொள்ள இது நேரமில்லை. தலையைவிட்டு உருண்டு வந்துவிட்டால் பட்டை தளர்வு, இல்லாவிட்டால் ஹெல்மெட்டே பெரியது. பட்டை மோவாயின் நுனியில் நிற்கக் கூடாது, தாடைக்கு அடியில், தொண்டையை ஒட்டி ஓட வேண்டும். பட்டைக்கும் தோலுக்கும் நடுவே இரண்டு விரல் நுழைந்தால் சரி. வாயை அகலத் திறந்தால் ஹெல்மெட் உச்சந்தலையை இலேசாக அழுத்துவது தெரிய வேண்டும்.

எங்கள் தெருவில் நான்கு வீட்டில் இதைச் செய்து பார்த்தோம். ஆண்கள் தலையில் பெரும்பாலும் நின்றது. எதிர்வீட்டு மதினி தலையிலிருந்து மட்டும் தேங்காய் மூடிபோலக் கழன்று வந்தது. “நாலு வருசமா இதத்தான் போட்டுக்கிட்டு மதுரைக்குப் போயிட்டு வர்றேன்” என்றார். அண்ணன் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் மதினிக்குத் தனி ஹெல்மெட் வந்துவிட்டது. சின்ன சைஸ், பல் வைத்த கிளிப்.

பெண்களுக்கு இதில் இன்னும் சில தொல்லைகள் இருக்கின்றன, கடைக்காரர்கள் அதைக் கேட்பதே இல்லை. கொண்டை போட்டால் ஹெல்மெட் பின்னால் உட்காராது, முன்பக்கம் தூக்கி நிற்கும், பட்டையை எவ்வளவு இழுத்தாலும் பயன் இல்லை. கழுத்துக்குக் கீழே இறங்கும் பின்னல்தான் ஹெல்மெட்டுக்கு ஒத்துவரும். மதுரையில் மல்லிகைப்பூ இல்லாமல் கிளம்பச் சொல்ல எனக்கு மனசு வராது. பின்னலில் தாழ்வாக வைத்துக்கொள்ளலாம், இல்லை பையில் கொண்டுபோய் இறங்கியதும் வைத்துக்கொள்ளலாம். ஜிமிக்கி பட்டையில் மாட்டி இழுக்கும் என்பதற்காகவே பட்டையை விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஜிமிக்கியையும் பூவோடு சேர்த்துப் பையில் போடுங்கள். சித்திரை வெயிலில் பட்டை வியர்வையில் ஊறி நமநமவென்று அரிக்கும், அதுவும் உண்மைதான். வாரம் ஒரு முறை சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து நிழலில் காயவைத்தால் பாதி அரிப்பு போய்விடும். பெட்ரோல், தின்னர் வைத்துத் துடைக்காதீர்கள், பட்டையும் உள்ளே இருக்கும் தெர்மாகோலும் வீணாகும்.

நான்கு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளுக்கு 2022-ல் மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது. குழந்தையை ஓட்டுநரோடு சேர்த்துப் பிணைக்கும் பாதுகாப்புப் பட்டை, தலைக்கு ஹெல்மெட், வேகம் 40 கிலோமீட்டருக்கு மேல் கூடாது. அந்தப் பட்டையிலும் கிளிப்தான். குழந்தை விரலால் நோண்டித் திறந்துவிடாத கிளிப்பா என்று கடையிலேயே சோதித்துப் பாருங்கள்.

வாங்கும்போது ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். 2015 ஜூன் கடைசியில், உயர் நீதிமன்ற உத்தரவால் ஜூலை 1 முதல் ஹெல்மெட் கட்டாயம் என்றபோது தமிழ்நாடு முழுக்கச் சாலையோரம் தார்ப்பாய் விரித்து ஹெல்மெட் விற்றார்கள், ஞாபகம் இருக்கும். அப்போது வாங்கிய சில டப்பாக்கள் இன்னும் வீடுகளில் இருக்கின்றன. அவற்றில் தெர்மாகோலே இருக்காது, வெறும் பிளாஸ்டிக்கும் பஞ்சும்தான். பட்டை எங்கே ஹெல்மெட்டோடு சேர்கிறது என்று பாருங்கள். உறுதியான உலோக ரிவெட்டால் ஓட்டோடு அறைந்திருக்க வேண்டும். உள்துணியில் தைத்து மட்டும் விட்டிருந்தால், அதில் வளையம் இருந்தால் என்ன, கிளிப் இருந்தால் என்ன? ஐ.எஸ். 4151 என்ற எண்ணோடு ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்க வேண்டும். 2021 ஜூன் 1 முதல் முத்திரை இல்லாத ஹெல்மெட் தயாரிக்கவோ விற்கவோ கூடாது. ஸ்டிக்கரை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம் என்பதால் பில் போட்டுத் தருகிற கடையில் வாங்குங்கள். கிளிப்பில் விரிசல் விட்டாலோ, மாட்டிய பிறகு இழுத்தால் கழன்றாலோ, முடிச்சுப் போடாமல் ஹெல்மெட்டை மாற்றிவிடுங்கள். மேலூர்த் தம்பியிடமும் இதைச் சொன்னேன். “கடைக்காரனுக்கே ஹெல்மெட் விக்கிறீங்களேக்கா” என்றார்.

எதை வாங்குவது என்று என்னைக் கேட்டால், ஊருக்குள் பத்து முறை ஏறி இறங்குகிறவருக்குப் பல் வைத்த கிளிப். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் இறுக்கிக்கொள்ள முடிவதால் பல தலை மாறும் வீட்டுக்கும் அதுவே ஓரளவு தோது. நான்குவழிச் சாலையில் திருச்சி வரை போகிறவருக்கு இரண்டு வளையம். சாதாரண கிளிப்தான் இருக்கிறது என்றால் அதை ஒருவருக்கே ஒதுக்கிவிட்டு, மாதத்துக்கு ஒரு முறை அந்தக் குனிந்து பார்க்கும் சோதனையைச் செய்துகொள்ளட்டும்.

கடைசியாக, சாலையில் யாராவது விழுந்து கிடந்தால் முதலில் 108-க்குப் போன் செய்யுங்கள். ஹெல்மெட்டைப் பிடித்து இழுக்காதீர்கள், கழுத்து எலும்பில் அடிபட்டிருக்கலாம். மூச்சு விடுகிறார், பேசுகிறார் என்றால் ஆம்புலன்ஸ் வரும்வரை தலையை ஆடாமல் பிடித்துக்கொண்டாலே போதும். மூச்சுவிடத் திணறினால்தான் கழற்ற வேண்டும், அதற்கு இரண்டு பேர் தேவை. ஒருவர் கழுத்தையும் தாடையையும் அசையாமல் தாங்க, மற்றவர் பட்டையை விடுவித்து மெதுவாக எடுக்க வேண்டும். கிளிப் என்றால் சிவப்பு நாக்கை இழுங்கள் அல்லது அழுத்துங்கள். வளையம் என்றால் சிவப்புத் துணியை இழுங்கள். இரண்டும் பிடிபடவில்லையா, கத்தரிக்கோலோ பிளேடோ வாங்கிப் பட்டையை அறுத்துவிடுங்கள்.